நெல்டா கொலையான மறுநாள்

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு நெல்டா டில்மன் கதவைத் திறந்தபோது, ஓபல் ஹக்கபி இரண்டு கைகளிலும் ஒரு கண்ணாடிச் சட்டியை ஏந்திக்கொண்டு, சாவு வீட்டுக்கு வந்தவளின் முகத்தோடு நின்றிருந்தாள்.

"எப்படி இருக்கே, கண்ணு?"

"நல்லாத்தான் இருக்கேன். ஏன்?"

ஓபல் குரலைத் தாழ்த்தினாள். "நேத்து பாத்தோம். ஊரே பாத்துச்சு."

அப்போதுதான் நெல்டாவுக்குப் புரிந்தது. முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு, ஒரு துப்பறியும் தொடரில், அவள் கணவன் ராய்ஸ் டில்மன் தன் மனைவிக்கு மோரில் விஷம் கலந்து கொடுத்திருந்தான். மலையையும் ஆற்றையும் அம்மாவையும் பாடிப் பாடி நாடு முழுக்கப் பேர் வாங்கிய ராய்ஸ். அந்த மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னிக்கு மோர் கசக்குதே" என்று சொல்லி மேஜைமேல் சாய்ந்தாள். ராய்ஸ் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கிதாரை எடுத்துச் சுருதி சேர்த்தான். அந்தச் சுருதி சேர்த்தலின்போதுதான் நெல்டாவே திரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டாள். வீட்டிலும் அவன் அப்படித்தான் தலையைச் சாய்த்துக்கொண்டு சேர்ப்பான்.

"மிஸஸ் ஹக்கபி, அது நடிப்பு."

"ஆமா கண்ணு. பொண்டாட்டின்னா நீ அப்படித்தான் சொல்லணும்."

"செத்தது நானில்ல. யாரோ ஒரு நடிகை. கலிஃபோர்னியாக்காரி."

"பாவம். அவளையும் ஒருத்தி பெத்துத்தானே இருப்பா?" என்றபடி ஓபல் ஒரு அடி முன்னால் வைத்தாள். "இது சூடா இருக்கு. கை சுடுது."

நெல்டா விலகி வழிவிட்டாள். கேன் க்ரீக் ஊரில் துக்கம் கேட்கச் சட்டியோடு வருபவரை வாசலில் நிறுத்திப் பேச முடியாது.

ஓபல் பக்கத்துப் பண்ணைக்காரி. தேவாலயத்தின் பெண்கள் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. அவள் கணவன் ஹார்லன் வெளியே பிக்கப் வண்டியில், எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான். இங்கே குடிவந்த இந்த ஆறு வருஷத்தில் நெல்டா ஓபலோடு பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு தபால் அட்டையில் அடங்கிவிடும். இப்போது அவள் நெல்டாவின் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, "இந்தத் திரைச்சீலை நீயே தைச்சதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சட்டி நிறையக் கோழியும் நூடுல்ஸும். மேலே உப்பு பிஸ்கட்டை நொறுக்கித் தூவி ஓவன் அடுப்பில் சிவக்க வாட்டியிருந்தது. அடியில் ஒட்டிய நாடாவில் 'ஓபல் ஹ.' என்று பேனாவால் எழுதியிருந்தது.

மத்தியானத்துக்குள் நான்கு சட்டிகள் சேர்ந்துவிட்டன. மளிகைக்கடை ட்ரூடி ப்ளெவின்ஸ் பீன்ஸும் பொரித்த வெங்காயமுமாகக் கொண்டுவந்தாள். "ஒத்தையில உக்காந்து சாப்பிட்டா உனக்கு இறங்காது. நானும் கூட ரெண்டு வாய் சாப்பிடறேன்" என்று சொல்லி, பாதிச் சட்டியை அவளே காலி செய்துவிட்டுப் போனாள்.

நெல்டாவுக்கு மனிதர்கள் வேண்டாம் என்றில்லை. ராய்ஸுக்குப் பேர் வருவதற்கு முன், அவள் ஒரு காலணித் தொழிற்சாலையில் முப்பது பெண்களோடு வரிசையாக உட்கார்ந்து பேசிச் சிரித்துக்கொண்டே தைத்தவள்தான். ஆனால் அவன் புகழ் வீட்டுக்குள் வந்த நாள்முதல், கதவைத் தட்டிய ஒவ்வொருவரின் கண்ணும் அவள் தோளுக்கு மேலே போய் உள்ளே துழாவியது. அவள் ஏதோ பாதி திறந்த கதவு போல. நாளடைவில் அவள் மீதிப் பாதியையும் சாத்தப் பழகிக்கொண்டாள். ஜாம் பாட்டிலோ தக்காளிக் கூடையோ, எது வந்தாலும் வாசலிலேயே வாங்கி, நன்றி சொல்லி, சாத்திவிடுவாள். வருஷத்தில் எட்டு மாதம் ராய்ஸ் ஊர் ஊராகப் பாடப் போய்விடுவான். அப்புறம் அவளும் பன்னிரண்டு கோழிகளும்தான். கோழிகள் அவளைத் தாண்டி யாரையும் தேடியதில்லை.

சாயங்காலம் கான்சஸில் ஏதோ ஒரு ஓட்டலிலிருந்து ராய்ஸ் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"நேத்து பாத்தியா நெல்? எப்படிக் கொன்னேன்?"

"நல்லாக் கொன்னே. அதான் பிரச்சனை."

சட்டிகளைப் பற்றிச் சொன்னாள். அவன் மூச்சு முட்டச் சிரித்தான். சிரித்து முடித்ததும், வேறு குரலில், "சர்ச்சுலேர்ந்து கடுதாசி வந்துச்சா?" என்றான். அந்தக் குரலை நாட்டில் வேறு யாரும் கேட்டதில்லை.

"இன்னும் இல்ல."

"செப்டம்பர்ல விழா. இந்நேரம் யார் பாடறதுன்னு முடிவு பண்ணியிருப்பாங்க."

"வரும், ராய்ஸ்."

கேன் க்ரீக் தேவாலயத்துக்கு அந்த ஆண்டு நூறு வயது. ராய்ஸின் அம்மாவும் தாத்தாவும் அதன் பின்புறக் கல்லறையில் இருந்தார்கள். பதினேழு வயதில், யாரிடமும் சொல்லாமல் கிதாரோடு பஸ் ஏறிப் போனவன் அவன். அம்மா இறந்தபோதுகூட வரமுடியவில்லை. பெரிய பெரிய அரங்குகளில் பாடிவிட்டான். ஆனால் அந்தக் கல்லறைக்குப் பக்கத்தில், ஊர் கூப்பிட்டு நின்று பாட வேண்டும் என்பதற்காகத்தான் இங்கே வந்து வீடு வாங்கினான். தானாகப் போய்க் கேட்க மாட்டான். கேட்டு வாங்கினால் அது கூப்பிட்டதாகாது என்பான். நெல்டாவிடம் இதுவரை எதையும் கேட்காதவன், "கடுதாசி வந்துச்சா?" என்று மட்டும் வாரா வாரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

பெண்டாட்டிக்கு விஷம் வைத்தவனை எந்தத் தேவாலயம் கூப்பிடும்? இதை அவள் சொல்லவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு நான்கு சட்டிகளையும் பார்த்தாள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாதுதான். ஆனாலும் ஏதாவது செய்தாக வேண்டும்.

சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லை. எனவே நெல்டா தேய்த்துக் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கேக்கை வைத்து எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். கலகலப்பாக நாலு வார்த்தை பேசி, தன் வீடு சந்தோஷமான வீடு என்று காட்டிவிட வேண்டும் என்பது திட்டம்.

கடையில் ட்ரூடி மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"ஆஹா. என்ன விட்டுச் செஞ்சே? இவ்வளவு மெத்துன்னு இருக்கு?"

"மோர்தான்" என்றாள் நெல்டா. சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.

கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ட்ரூடி சட்டியை மெல்லக் கைநீள தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தாள்.

"ராய்ஸ் ஊர்ல இல்லைல்ல?"

"இல்ல! நான்தான் செஞ்சேன்! எனக்கு இது ஒண்ணுதான் நல்லா வரும்!"

"கோவிச்சுக்காதே கண்ணு. சும்மா கேட்டேன்."

மற்ற மூன்று கேக்குகளும் அதற்குள் மூன்று வீடுகளுக்குப் போய்விட்டிருந்தன. மறுநாள் மூன்று பேரும் ட்ரூடியோடு சேர்ந்து வந்து கதவைத் தட்டினார்கள். கேக் பிரமாதமாக இருந்ததென்றும், ஆனால் நெல்டாவும் அதையே சாப்பிட்டிருப்பாளே, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று பார்க்க வந்ததாகவும் சொன்னார்கள். கையில் நான்கு சட்டிகள். வீட்டில் இருந்தது இரண்டே காப்பிக் கோப்பை. மற்றவர்களுக்கு ஜாம் பாட்டிலில் காப்பி கொடுத்தாள் நெல்டா. அவள் கொடுத்ததைப் பற்றி யாரும் ஒன்றும் நினைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நாலரை மணிவரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே ஹார்லனின் பிக்கப் உறுமிக்கொண்டே இருந்தது.

மறுநாள் நெல்டா நாஷ்வில்லுக்குத் தொலைபேசி போட்டாள். ராய்ஸின் ஏஜென்ட் டெல்பர்ட் எதையும் உற்சாகமாகத்தான் சொல்லுவான்.

"நெல்டா! கொலைக்கு லெட்டர் குவியுது தெரியுமா? இன்னும் ரெண்டு பேர் கொலைகாரன் வேஷத்துக்குக் கேட்டிருக்காங்க!"

"வேண்டாம் டெல்பர்ட். அவர் நல்லவர்னு தெரியற மாதிரி ஒண்ணு பாரு. அவர் அவராவே வரணும். சிரிக்கணும், பாடணும், அவ்வளவுதான்."

"அடுத்த மாசம் பாட்டும் வேடிக்கையுமா ஒரு நிகழ்ச்சி இருக்கு. ராய்ஸ் ராய்ஸாவே வருவான். போதுமா?"

போதும் என்றாள். அதோடு நிற்காமல், நிகழ்ச்சி நெருங்கியதும் மூன்று முறை கடை வாசல்வரை போய்த் திரும்பி, நான்காம் முறை உள்ளே நுழைந்து, "சனிக்கிழமை ஏழு மணிக்கு டிவில ராய்ஸ் வர்றாரு. முடிஞ்சா எல்லாரும் பாருங்க" என்று ட்ரூடியிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஓடிவந்தாள்.

எல்லோரும் பார்த்தார்கள். ராய்ஸ் ராய்ஸாகவேதான் வந்தான். ஆனால் நிகழ்ச்சிக்காரர்களுக்கு வேடிக்கையும் வேண்டியிருந்தது. இரண்டாவது பாட்டில் அவனுக்குக் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட கைதிச் சட்டையை மாட்டி, காலில் சங்கிலியும் இரும்புக் குண்டும் கட்டி, கல் உடைத்துக்கொண்டே பாட வைத்தார்கள். பார்வையாளர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நெல்டா மட்டும் தொலைக்காட்சி முன்னால், கையிலிருந்த பின்னல் ஊசியோடு உறைந்துபோனாள்.

திங்கட்கிழமை ஏழரை மணி. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும்.

"மாட்டிக்கிட்டாரு போலிருக்கு" என்றாள் ஓபல், உட்கார்ந்துகொண்டே.

"மிஸஸ் ஹக்கபி..."

"எத்தனை வருஷம் போட்டாங்க?"

"யாரும் எதுவும் போடல! அது வேடிக்கைக்கு!"

"ஜெயில் சாப்பாடு வாயில வைக்க விளங்காதாம்" என்றாள் பின்னாலேயே வந்த ட்ரூடி. "எளச்சுத்தான் போயிருக்காரு. கன்னமே ஒட்டிப்போச்சு."

"ஆனா ஒண்ணு. கோடு போட்ட சட்டை அவருக்கு எடுப்பாத்தான் இருந்துச்சு" என்றாள் ஓபல்.

"அது என்னவோ நெசம்" என்றாள் ட்ரூடி.

நெல்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். கணவனின் மானம் போய்க்கொண்டிருக்கும்போது சிரிப்பதற்குத் தான் என்ன பெண் என்று தன்னைத்தானே கடிந்துகொண்டாள். காப்பி ஊற்றினாள். இந்த முறை கோப்பைகள் இருந்தன. போன வாரம்தான் ஆறு வாங்கியிருந்தாள், எதற்கென்று யோசிக்காமலே.

அதன்பின் மூன்று வாரம் தொலைக்காட்சியில் ராய்ஸ் எங்கும் வரவில்லை. யாரும் கதவையும் தட்டவில்லை. நெல்டா ஜன்னலோரம் அடிக்கடி போய் நின்றாள். தேவாலயத்துக் கடிதத்துக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் தபால்காரர் பத்து மணிக்குத்தான் வருவார். அவள் ஏழரைக்கே நின்றாள். சமையலறையில் ஆறு கோப்பைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. ஒரு நாள் தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பட்டியலில் ராய்ஸின் பேரைத் தேடிக்கொண்டிருந்தவள், தான் தேடுவது அவன் பேரையா அல்லது அடுத்த திங்கட்கிழமையையா என்று ஒரு கணம் குழம்பிப்போய், பட்டியலை மடித்து வைத்துவிட்டாள்.

"கடுதாசி வந்துச்சா?" என்றான் ராய்ஸ்.

"இன்னும் இல்ல."

"விடு நெல். கூப்பிடாட்டி என்ன, அன்னிக்கு நான் வேற எங்கேயாவது பாடிட்டுப் போறேன்."

அந்த 'விடு' அவளால் தாங்கமுடியாததாக இருந்தது. மறுபடி டெல்பர்ட்.

"படம் ஒண்ணு வருது நெல்டா!" என்றான். "போன குளிர்காலத்துல எடுத்தாங்களே, அது! காட்டுக் காவலாளி. பனிப்புயல். காணாமப்போன ஒரு சின்னப் பொண்ணு. கரடிகூட உண்டு. இவ்வளவு நல்லவன் வேஷம் பைபிள்லகூடக் கிடையாது!"

"கடைசிவரைக்கும் நல்லவர்தானே?"

"கடைசி மூச்சுவரைக்கும்!"

அதை அவனுடைய வழக்கமான பேச்சு என்றே நெல்டா எடுத்துக்கொண்டாள்.

வாழ்க்கையில் முதல்முறையாக அவள் நாலு பேரை அழைத்தாள். ஓபலிடமும் ட்ரூடியிடமும், "சனிக்கிழமை டவுன் தியேட்டர்ல படம். எல்லாருமாப் போகலாமா?" என்று கேட்டாள். பெண்கள் சங்கம் மொத்தமும் வந்தது. ஒரு வரிசை முழுக்க அவர்கள்தான். நடுவில் நெல்டா, மடியில் சோளப்பொரிப் பொட்டலத்தோடு. படம் நன்றாகத்தான் போனது. ராய்ஸ் கரடியை விரட்டினான். பனியில் சிறுமியைத் தோளில் சுமந்து மலை இறங்கினான். அவளைத் தாயிடம் ஒப்படைத்தான். தியேட்டரே கை தட்டியது. இப்போது எழுந்து போய்விடலாம் என்று நெல்டா நினைத்துக்கொண்டிருக்கையில், ராய்ஸ் ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, பாதிப் பாட்டுப் பாடி, தலையைத் தொங்கப்போட்டான். பனி அவன் தொப்பிமேல் மெதுவாக நிறைந்தது. விளக்குகள் போட்டுவிட்டார்கள்.

ஓபல் நெல்டாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "ஆண்டவர் கொடுத்தார்" என்றாள், சவ அடக்கத்தில் ஜெபிக்கும் குரலில்.

"மிஸஸ் ஹக்கபி, தயவு செஞ்சு..."

"ஆண்டவர் எடுத்தார்."

திங்கட்கிழமை பதினொரு சட்டிகள் வந்தன. உப்பிட்டு வேகவைத்த பன்றித்தொடை, ஒரு முழு ஹாம், வந்தது. பெட்ரோல் பங்கிலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது. போதகர் லைல் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, கூடத்தில் உட்கார்ந்து, இரண்டாம் தட்டு உருளைக்கிழங்கு சாலட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சட்டிகள் நிறைய இருந்ததால் அன்று ஹார்லனும் வண்டியை அணைத்துவிட்டுத் தூக்கிவர வேண்டியிருந்தது. கடைசிச் சட்டியோடு வந்தவன், உள்ளே வராமல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றான்.

அந்த நேரத்தில்தான் ராய்ஸ் கிதார்ப் பெட்டியோடு பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்தான். நான்கு நாள் விடுப்பு. சொல்லாமல் வந்து ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைத்திருந்தான்.

வீடு நிறையப் பெண்களைப் பார்த்து அவன் முகம் வெளிறியது. "யார் செத்தது?"

"நீங்கதான்" என்றாள் ட்ரூடி. "உக்காருங்க. ஹாம் நறுக்கட்டுமா?"

"ஓ" என்றான் ராய்ஸ். ஒரு கணம் யோசித்தான். "கொழுப்பு இல்லாத பக்கமா நறுக்குங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு தன் மலர்வளையத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நீ சாகறதை ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றாள் நெல்டா.

"சொல்லாம என்ன? ரெண்டு மணி நேரம் பனியில செத்துக் கெடந்தேனே. சளி புடிச்சு நீதானே தைலம் தேய்ச்சுவிட்டே?"

யாரோ சிரித்தார்கள். அதில் ஏதோ நெல்டாவுக்குள் அறுந்துவிட்டது.

"போதும்!" என்றாள். தொழிற்சாலையில் தையல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகிய குரல். இத்தனை வருஷம் எங்கேயிருந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "நல்லாப் பாத்துக்கோங்க. இவர் உயிரோட இருக்காரு. ஹாம் சாப்பிடறாரு. ஜெயிலுக்குப் போகல. யாருக்கும் வெஷம் வெக்கல. எனக்கு ஜுரம் வந்தா மோர் கலக்கிக் குடுப்பாரு, அதுல உப்புதான் கூட இருக்கும்! ஆறு வருஷமா இவர் ஒண்ணே ஒண்ணுக்குத்தான் காத்துக்கிட்டிருக்காரு. உங்க நூறாவது விழாவுல, அவங்க அம்மா பக்கத்துல நின்னு ஒரு பாட்டுப் பாடணும். டிவில பாத்த எதையோ வெச்சு அதை அவர்கிட்டேர்ந்து பிடுங்கிடாதீங்க!"

ராய்ஸ் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தன் மனைவியைப் பார்த்தான்.

போதகர் லைல் வாயைத் துடைத்துக்கொண்டார். "பாடறதைப் பத்தியா சொல்றீங்க, சகோதரி? அது எப்பவோ முடிவாச்சே. கமிட்டியில ஒருத்தர்கூட மறுத்துப் பேசல. அந்தக் கொலைக்கு முந்தின சனிக்கிழமையே கடுதாசி எழுதி, உங்ககிட்ட சேர்த்துடச் சொல்லி ஓபல் கையில குடுத்துட்டேனே?"

எல்லோரும் ஓபலைப் பார்த்தார்கள். ஓபல் கைப்பையைத் திறந்தாள். மூலைகள் மழுங்கிப்போன ஒரு உறை வெளியே வந்தது. அதை நெல்டாவிடம் நீட்டும்போது அந்த அறுபது வயதுக்காரியின் கழுத்துவரைக்கும் சிவந்திருந்தது.

"ஒவ்வொரு தடவையும் குடுத்துடலாம்னுதான் கண்ணு வந்தேன்."

"அப்புறம் ஏன் குடுக்கல?" என்றாள் நெல்டா. "மூணு மாசமா நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமா?"

ஓபல் தரையைப் பார்த்தாள். ட்ரூடி ஹாமை ஏதோ முதல்முறை பார்ப்பவள் போல் உற்றுப் பார்த்தாள். மற்ற பெண்கள் எல்லோருக்கும் திடீரென்று தங்கள் கோப்பைக்குள் பார்க்க ஏதோ இருந்தது.

நிலைப்படியில் ஹார்லன் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினான்.

"டிவி வேற நெசம் வேறன்னு இதுகளுக்குத் தெரியாமலா இருக்கும், அம்மா? கடுதாசின்னா நீங்க வாசல்லயே வாங்கிக்கிட்டுக் கதவைச் சாத்திடுவீங்க. சட்டியோட உள்ள வரணும்னா வீட்ல ஒரு சாவு விழணும். ஆறு வருஷமாக் காத்துக் கெடந்தாங்க, உங்க வீட்ல ஒருத்தரும் சாகற வழியக் காணோம்!"